லயத்துக் கொடியிலிருந்து புலனக் குழு வரை: வட சிலாங்கூரில் பிள்ளைத் துணி கைமாறிய கதை



வரலாறு என்றதும் நமக்கு மன்னர்கள், ஒப்பந்தங்கள், சுதந்திரம் பெற்ற நாள் என்று நினைவு ஓடும். இந்தக் கட்டுரை துணியைப் பற்றியது. அதிலும் புதுத்துணி இல்லை. ஒரு பிள்ளை போட்டு வளர்ந்த பிறகு இன்னொரு பிள்ளைக்குப் போகிற துணி. "இதுல என்ன வரலாறு இருக்கு?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் கீழே உள்ள செய்தியைப் படியுங்கள்.

"பெண் பிள்ளை பட்டுப் பாவாடை, 4 வயசு, ஒரு தடவைதான் போட்டது, 15 வெள்ளி. ஸ்கூல் பினோஃபோர் 2, சேர்த்து 10 வெள்ளி. சி.ஓ.டி. புக்கிட் ரோத்தான், ஈஜோக். முதல்ல கேக்கிறவங்களுக்கு."

இது பாடத்திற்காக நான் எழுதிய மாதிரிச் செய்தி. ஆனால் கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. புலனத்திலும் முகநூலிலும் அம்மாமார்கள் நடத்தும் விற்பனைக் குழுக்களில் இப்படிப்பட்ட செய்திகள் தினமும் வருகின்றன. இந்த நாலு வரியில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. சும்மா கொடுத்துவிடக்கூடிய பழைய துணிக்கு ஏன் விலை? பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் ஏன் வேறோர் ஊரில் சந்தித்துக் கைமாற்ற வேண்டும்? "ஒரு தடவைதான் போட்டது" என்று ஏன் சொல்ல வேண்டும்? மூன்றுக்கும் விடை தேடிப் போனால் நம் தோட்ட வரலாற்றின் ஒரு பக்கம் திறக்கும்.

1. ஒரே கூரை, ஒரே கொடி

கோல சிலாங்கூர் மாவட்டம் மலேசியச் செம்பனை வரலாற்றின் தொடக்கப் புள்ளி. 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் நாட்டில் முதன்முறையாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது. நட்டவர் ஆன்ரி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவை வைத்து நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவரும் இவரே. தோட்டத்தின் பெயரைப் பாருங்கள்: தென்னமரம்! முதலாளி எந்த நாட்டவராக இருந்தாலும் தோட்டத்தின் பெயரில் நம் மொழி ஒட்டிக்கொண்டது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது.

இந்த வட்டாரத்துப் பால்மரக் காடுகளிலும் செம்பனைக் காடுகளிலும் வேலை செய்த குடும்பங்கள் லயத்து வீடுகளில் வாழ்ந்தன. நீளமான ஒரே கூரை, வரிசையாக அறைகள், நடுவில் மெல்லிய சுவர். கூலி எவ்வளவு? 1920-களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. அந்தக் காசில் சாப்பாடு, மருந்து, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக, துணிக்கு என்ன மிஞ்சும்? தீபாவளிக்கு ஒரு புதுத்துணி. மற்ற நாளெல்லாம் இருப்பதைத் துவைத்துப் போட வேண்டியதுதான். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற பழமொழி அங்கே அறிவுரையாக இருக்கவில்லை. அதுதான் வாழ்க்கை.

பிள்ளை வளர்வது தீபாவளிக்காகக் காத்திருக்காது. ஆறு மாதத்தில் சட்டை பிடிக்கும். ஆகவே துணி இறங்கத் தொடங்கும்: அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுப் பையனுக்கு, அங்கிருந்து அடுத்த லயத்துக்கு. கடைசியில் கிழிந்தபின் கைப்பிடித் துணியாகவோ, ஏணைக்குள் விரிக்கும் துண்டாகவோ முடியும். யாருக்கு எந்த அளவு சரியாக இருக்கும் என்று கேட்கத் தேவையில்லை. வாசலில் நின்றால் எதிர்க் கொடியில் காயும் துணி தெரியும். அடுத்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கு, யாருக்கு எந்த மாதம் பிரசவம், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அம்மாமார்கள் விடியலில் பெரட்டுக்குப் போனபின் கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் ஒன்றாகக் கிடந்தார்கள். அங்கே எந்தத் துணி எந்த வீட்டுத் துணி என்று ஆயாவுக்கே குழப்பம் வரும்.

போட்ட துணியைப் பிள்ளைக்குப் போடுவது நம்மவர்களிடம் இழிவாகவும் இல்லை. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணிதான். துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தி வேட்டியோ சேலையோ குழந்தையின் தோலை உறுத்தாது. நீண்ட நாள் வாழ்ந்த தாத்தா, பாட்டியின் துணியில் சுற்றினால் அவர்களுடைய ஆயுள் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. பழைய துணி ஆசீர்வாதமாக நம் கையில் வந்த பொருள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2. விலை இல்லை, கணக்கு இருந்தது

லயத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது "அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணா இருந்தோம்" என்று சொல்வது வழக்கம். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை ஆகாது. வரலாறு படிக்கிறவர்கள் இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

துணிக்கு விலை இல்லை. ஆனால் கணக்கு இருந்தது. கொடுத்தவர் மறந்தாலும் வாங்கியவர் மறக்க முடியாது. அடுத்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மாவு இடிக்க, பாத்திரம் கழுவ முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். கிராணி வீட்டிலிருந்து துணி வந்தால் இன்னும் பாரம். கிராணி வீட்டுப் பிள்ளையின் சட்டை நல்ல சட்டை. ஆனால் அதை வாங்கும்போது குனிந்து வாங்க வேண்டும். தோட்டத்தில் யார் மேல், யார் கீழ் என்பதைத் துணியும் சேர்த்துச் சொன்னது.

இன்னொன்று, பிள்ளைகள் சம்பந்தப்பட்டது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அதுதான். அந்தப் பள்ளியில், கொடுத்த வீட்டுப் பிள்ளையும் வாங்கிய வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் உட்காருவார்கள். "ஏய், இது என்னோட சட்டை!" இந்த ஒரு வாக்கியம் போதும், ஒரு பிள்ளை நாள் முழுக்கத் தலை குனிந்திருக்க. ஆசிரியர்களாகிய நமக்கு இது தெரியாததா? இன்றும் வகுப்பில் கேட்கிற குரல்தானே.

3. 1941: மூன்று இடம், ஒரே கேள்வி

1941-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். உடையும் மரியாதையும் எவ்வளவு நெருக்கமானவை என்று அந்த ஆண்டு காட்டுகிறது.

அந்த ஆண்டின் முற்பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற இந்தப் போராட்டம் சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். அரசாங்கம் படையைக் கொண்டுவந்து அடக்கியது. உயிர்கள் போயின. நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்பதும், பிறர் முன் குனிந்து துணி வாங்க மாட்டேன் என்பதும் ஒரே மனநிலையில் பிறப்பவை.

அதே ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் பிரிட்டனில் போர்க்காலத் துணிப் பங்கீடு தொடங்கியது. அது 1949 வரை நீடித்தது. கூப்பன் இல்லாமல் துணி வாங்க முடியாது. பிள்ளைகளோ வளர்ந்துகொண்டே இருந்தார்கள். அப்போது பெண்கள் தன்னார்வச் சேவை என்ற அமைப்பு பிள்ளைத் துணி மாற்று நிலையங்களைத் திறந்தது. சிறிதாகிவிட்ட சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளுக்குப் பெரிய அளவுச் சட்டை எடுத்துக்கொள்ளலாம். கவனியுங்கள்: அங்கே யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை. புள்ளி என்ற ஒரு கணக்கு இருந்ததால் யாரும் தலை குனியவில்லை. நம் குழுக்களின் 5 வெள்ளியும் இதே வேலையைச் செய்கிறது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தார்கள். 1942 முதல் 1945 வரை, நம் மூத்தோர் சொல்லும் "ஜப்பான்காரன் காலம்". கப்பல் போக்குவரத்து நின்றது. இறக்குமதித் துணி இல்லாமல் போனது. கோணிச் சாக்கை வெட்டித் தைத்து உடுத்திய காலம் அது. சாக்கு உறுத்தும், பேன் பிடிக்கும், நனைந்தால் காயாது. ஆண்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்; பலர் திரும்பவில்லை. வீட்டில் எஞ்சியவர்கள் இருக்கிற ஒரு துணியைப் பங்கு போட்டார்கள். உங்கள் வீட்டில் 90 வயதைத் தொட்டவர் யாராவது இருந்தால், இதைக் கேட்டு எழுதி வையுங்கள். இன்னும் சில ஆண்டுகளில் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

4. லயம் கலைந்தது

போருக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களின் பணத்தைக் கொண்டே வாங்க வழி செய்தார். பால்மரம் குறைந்து செம்பனை பெருகியது. பின்னர் தோட்டங்கள் வீடமைப்புக்கும் பட்டணத்துக்கும் வழிவிட்டன.

வட சிலாங்கூரில் இதற்கு அழுத்தமான எடுத்துக்காட்டு மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்கள். அந்தத் தோட்டத்து மக்கள் வேலையும் வீடும் இழந்து, சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கும் மேல் போராடினார்கள். மற்றத் தோட்டங்களில் இவ்வளவு பெரிய போராட்டம் இல்லாமலே குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சிலர் பக்கத்துப் பட்டணத்துத் தாமானுக்கு, சிலர் மலிவு அடுக்குமாடிக்கு, சிலர் ரவாங், புஞ்சாக் ஆலாம், ஷா ஆலாம் பக்கம்.

வீடு மாறியது எல்லோருக்கும் தெரியும். கொடி மாறியதை யாரும் எழுதி வைக்கவில்லை. அடுக்குமாடியில் துணி காய்வது தன் வீட்டுப் பின்பக்கத்தில். எதிர் வீட்டில் எத்தனை பிள்ளை என்றுகூடத் தெரியாது. துணி இறங்குவதற்கு ஒரு படிக்கட்டு இருந்தது, அது உடைந்தது. விளைவு? ஒரு வீட்டில் அலமாரி நிறையச் சிறிதாகிவிட்ட துணி. இரண்டு மாடி கீழே இன்னொரு வீட்டில் பள்ளிச் சட்டை வாங்கக் காசில்லை. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

5. பண்டல் கடை: இன்னொரு வழி

இதே காலத்தில் பழைய துணிக்கு இன்னொரு வழியும் திறந்தது. நாம் பேச்சில் "பண்டல்" என்கிறோம். வெளிநாடுகளில் கழித்த துணிகளைக் கட்டுக்கட்டாக அழுத்திக் கட்டி, கப்பலில் கொண்டுவந்து, இங்கே பிரித்து விற்பது. அந்தக் கட்டின் பெயரே துணியின் பெயராகிவிட்டது: "பண்டல் சட்டை", "பண்டல் கடை". ஜப்பானில் கழிக்கப்படும் துணிகள் வந்து சேரும் முக்கிய நாடு மலேசியா. 2016-இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் "ஜாலான் ஜாலான் ஜப்பான்" என்ற பெயரில் இங்கே பெரிய கடையே திறந்தது. ஜப்பான் காலத்தில் சாக்கு உடுத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஜப்பானியப் பிள்ளை போட்ட சட்டையைப் போடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் வேறொரு முறை உண்டு. தெருவில் "பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம்" என்று கூவி வருவார்கள். துணியைக் கொடுத்துக் கிண்ணமோ வாளியோ வாங்கிக்கொள்ளலாம். அங்கேயும் பேரம் பேசுவது பெண்கள்தான். பண்டமாற்று என்ற பழைய பொருளாதார முறைக்கு எடுத்துக்காட்டுத் தேடும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பண்டல் கடையில் ஒரு குறை இருந்தது. பள்ளிச் சீருடையும் பட்டுப் பாவாடையும் ஜப்பானிலிருந்து வராது. நம் பிள்ளைக்குத் தேவையான துணி நம் வீடுகளில்தான் இருந்தது.

6. குழு பிறந்தது

இணையத்தில் பழைய பொருள் விற்பது மலேசியாவுக்குப் புதிதில்லை. முடா இணையதளம் 2007-இல் வந்தது. புலனம் 2009-இல் உலக அளவில் அறிமுகமானது. சிங்கப்பூரில் 2012-இல் கெரோசல் தொடங்கியது. முகநூல் 2015-இல் தன் குழுக்களுக்குள்ளேயே விலை போட்டு விற்கும் வசதியைக் கொடுத்தது. 2018-இல் டுயிட்நவ் வந்ததும், கைப்பேசி எண் இருந்தாலே 5 வெள்ளியைக்கூட அனுப்ப முடிந்தது. முன்பு 5 வெள்ளி வியாபாரத்துக்கு வங்கிக்குப் போக யாருக்கு நேரம்?

ஆனால் இந்தப் பழக்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 18 மார்ச் 2020. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். வேலை நின்றது, பள்ளி மூடியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பள்ளி பெரும்பாலும் வீட்டில்தான் நடந்தது. ஜனவரியில் வாங்கிய சீருடை அலமாரியில் தொங்கியபடியே இருந்தது. பிள்ளை மட்டும் வளர்ந்தது. பள்ளி திறந்தபோது பல வீடுகளில் மடிப்புக் கலையாத, அளவு சிறிதான சீருடை இருந்தது. வருமானம் குறைந்த பல வீடுகளில் சீருடை தேவைப்பட்டது. இரண்டையும் சேர்த்து வைக்க ஓர் இடம் வேண்டும். குழுதான் அந்த இடம்.

இப்போது இந்தச் சந்தையின் பருவங்களைப் பாருங்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பட்டுப் பாவாடை, ஜிப்பா, சிறுவர் வேட்டி. பள்ளி தொடங்குமுன் சீருடை, காலணி, புத்தகப்பை. பள்ளித் தொடக்கம் 2022-இல் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்கு மாறியது, சந்தையும் மாறியது. 2026-இல் தொடக்கம் ஜனவரிக்கே திரும்பியது, சந்தையும் திரும்பியது. காலணி இன்னொரு பாடம். வெள்ளைக் காலணிக்குப் பதில் கறுப்புக் காலணி என்ற முடிவு 2018-இல் அறிவிக்கப்பட்டு, 2021-இல் கட்டாயமானது. அதற்குப் பிறகு வெள்ளைக் காலணியைப் பள்ளிக்கென்று யார் வாங்குவார்? அரசாங்கத்தின் ஒரு சுற்றறிக்கை, ஓர் அம்மாவின் அலமாரியில் இருக்கும் பொருளின் விலையைப் பூஜ்யமாக்கும். கொள்கைக்கும் குடும்பத்துக்கும் உள்ள தொடர்பை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

தமிழாசிரியர்களுக்கு இந்தக் குழுக்களின் மொழியும் சுவையான பொருள். "லெட் கோ பண்றேன்", "நெகோ பண்ணலாமா", "சிஸ், இன்னும் இருக்கா?", "ரிசர்வ் போட்டுடுங்க அக்கா". ஆங்கிலமும் மலாயும் தமிழும் ஒரே மூச்சில். முன்பின் தெரியாதவரை "அக்கா" என்று அழைத்துத்தான் பேரமே தொடங்குகிறது. "பெரட்டு", "கிராணி" என்று பிறமொழிச் சொற்களைத் தமிழாக்கிக்கொண்ட தோட்டத் தமிழின் நேர் வாரிசு இது. திட்டுவதற்கு முன் தொகுத்து வைப்போம்.

7. 5 வெள்ளி என்ன செய்கிறது?

தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளுக்கு இப்போது வருவோம்.

ஏன் விலை? 2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. அந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வைத்துக் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு 5 வெள்ளி சிறிய தொகை இல்லை. ஆனால் கொடுக்க முடிந்த தொகை. கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் மாவு இடிக்க வேண்டாம். பார்க்கும்போதெல்லாம் சிரிக்க வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் "வேணாம் சிஸ், சைஸ் பத்தல" என்று சொல்லும் உரிமையும் உண்டு. தானமாக வந்த துணியை யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்? வாங்கிக்கொண்டு "ரொம்ப நன்றிங்க" என்றுதானே சொல்ல வேண்டும்?

ஏன் வேறோர் ஊர்? விற்பவர் ஈஜோக், வாங்குபவர் சபாக் பெர்ணம் என்றால் இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார மாட்டார்கள். "இது என்னோட சட்டை" என்று சொல்ல ஆளில்லை. லயத்தில் அருகாமை துணியைக் கொண்டுவந்து சேர்த்தது; கூடவே வெட்கத்தையும் கொண்டுவந்தது. குழுவில் தூரம் அந்த வெட்கத்தைத் தடுக்கிறது.

ஏன் "ஒரு தடவைதான் போட்டது"? அது விற்பனைப் பேச்சு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. வாங்குகிற அம்மாவுக்கு விற்கிற அம்மா கொடுக்கும் மரியாதை அதில் இருக்கிறது. "என் வீட்டுக் கழிவை உங்களிடம் தள்ளவில்லை, என் பிள்ளை ஆசையாய்ப் போட்டதைத் தருகிறேன்" என்று அதற்குப் பொருள். பிறந்த குழந்தையைத் தாத்தாவின் வேட்டியில் சுற்றிய மனம் இன்னும் போகவில்லை. வாங்கியவரும் மஞ்சள் தண்ணீரில் நனைத்து, வெயிலில் காயப்போட்டுத்தான் தன் பிள்ளைக்குப் போடுகிறார்.

ஆகவே, "முன்பு சும்மா கொடுத்தார்கள், இப்போது காசு கேட்கிறார்கள், மனிதத்தன்மை போச்சு" என்று ஒரே வரியில் முடிப்பது தவறான வரலாறு. விலை வந்ததால் உறவு கெட்டது என்பதைவிட, விலை வந்ததால் ஏழைத் தாயின் தலை நிமிர்ந்தது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 5 வெள்ளியும் இல்லாத வீடு இருக்கிறது. டேட்டா முடிந்துபோன கைப்பேசி இருக்கிறது. பேரன் பேத்திகளை வளர்க்கும் பாட்டிக்குக் குழு எங்கே இருக்கிறதென்றே தெரியாது. லயத்தில் கிழிந்த சட்டையைப் பக்கத்து வீட்டுக்காரி தானே பார்த்தாள். கேட்காமலே கொண்டுவந்து வைத்தாள். குழுவுக்குக் கண் இல்லை. கேட்பவரை மட்டுமே அதற்குத் தெரியும். அந்தக் கண்ணின் வேலை இன்று யார் மேல் விழுகிறது? காலைச் சபைக்கூடலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும் நம் மேல்தான். 2023 முதல் பள்ளித் தொடக்க உதவி எல்லா மாணவருக்கும் 150 வெள்ளி கிடைக்கிறது. நல்ல உதவி. ஆனால் ஆண்டின் நடுவில் பிள்ளை வளர்ந்துவிட்டால்?

8. எச்சரிக்கை இரண்டு

முதலாவது, பணம். "முதல்ல காசு போடுங்க, பொருள் போஸ் பண்றேன்" என்று கேட்கும் அறியாத ஆளிடம் அவசரப்பட வேண்டாம். நேரில் பார்த்துக் கைமாற்றுவது பாதுகாப்பு. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 997-ஐ அழைக்க வேண்டும். அது 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்.

இரண்டாவது, படம். துணியைக் காட்டப் பிள்ளைக்குப் போட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். சீருடையில் பள்ளிச் சின்னமும் பெயர்ப்பட்டையும் தெரியும். பிள்ளையின் முகம், பெயர், பள்ளி மூன்றும் ஒரே படத்தில் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகின்றன. துணியைத் தரையில் விரித்துப் படம் எடுத்தாலே போதும். பெற்றோர் சந்திப்பில் இதை ஒரு நிமிடம் சொல்லுங்கள்.

9. வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

கட்டுரை எழுதும் மாணவர்களே, இந்தப் பொருளை வைத்து மூன்று கோணத்தில் எழுதப் பழகலாம். மாறியது என்ன: இடம், விலை, அறிமுகம். மாறாதது என்ன: பெண்களின் உழைப்பு, பிள்ளையின் மேல் உள்ள அக்கறை, துணியை மதிக்கும் பண்பு. மாற்றத்தின் காரணம் என்ன: தோட்டங்கள் கலைந்தது, தொழில்நுட்பம், தொற்றுக்காலம். "அந்தக் காலம் நல்ல காலம்" என்று முடிவுரை எழுதும் பழக்கத்தை விடுங்கள். இரண்டு காலத்தையும் ஒரே தராசில் நிறுத்தி, எதில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று எழுதுங்கள். திருத்துபவர் உங்கள் சிந்தனையைக் காண்பார்.

ஆசிரியர்களுக்கு இரண்டு பரிந்துரைகள். ஒன்று, வாய்மொழி வரலாற்றுப் பணி. ஒவ்வொரு மாணவரும் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வரட்டும்: சின்ன வயதில் உங்களுக்கு எத்தனை துணி இருந்தது? அது எங்கிருந்து வந்தது? உங்களுக்குச் சிறிதான பிறகு எங்கே போனது? முப்பது மாணவர் எழுதினால் முப்பது பக்கம் தோட்ட வரலாறு கிடைக்கும். புலனச் செய்திகள் கைப்பேசி மாறும்போது அழிந்துபோகும். லயத்துக் கொடிக்கும் ஆவணம் இல்லை, குழுவுக்கும் இருக்காது. நாம் எழுதி வைத்தால்தான் உண்டு.

இரண்டு, பள்ளியில் ஒரு சீருடை அலமாரி. உள்ளே பெயர் வேண்டாம், அளவு மட்டும் எழுதி ஒட்டினால் போதும். ஒன்று கொண்டுவந்து வைத்தால் ஒரு வில்லை. ஒரு வில்லைக்கு ஒரு துணி. வில்லை இல்லாத பிள்ளைக்கு வகுப்பாசிரியர் யாருக்கும் தெரியாமல் ஒரு வில்லை கொடுத்துவிடலாம். போர்க்காலத்தில் பிரிட்டன் தாய்மார்கள் புள்ளி வைத்துச் செய்ததும் ஏறக்குறைய இதுவே. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை வகுப்புக்குள் வரும்போது அது யாருடையது என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் இருந்தால், அலமாரி சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.